மேல் பல்லா, கீழ் பல்லா

கிணத்துக்காட்டு வீதியில் தறி ஓடுகிற வரைக்கும் யார் வீட்டுப் பிள்ளை அழுகிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வீடு தறிக்குடோன், குடோன் நிறையத் தறி, தறி ஒவ்வொன்றும் டடக் டடக்கென்று ஊரையே இடித்துக்கொண்டிருக்கும்போது, பெற்றவள்கூடப் பிள்ளையின் வாயைப் பார்த்துத்தான் அது அழுகிறதா கொட்டாவி விடுகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த வீதிப் பிள்ளைகள் தறிச் சத்தத்தில் தூங்கும், கரண்ட் போனால் திடுக்கென்று விழித்துக்கொள்ளும். அதனால், கம்பி மாற்றுகிறோம் என்று மின்வாரியத்துக்காரர்கள் காலையிலேயே கரண்டை நிறுத்திய ஒரு நாளில், வீதி மொத்தமும் ஓய்ந்து, வளர்மதியின் பிள்ளை அழுகிற அழுகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கேட்டபோது, அது அன்றைக்குத்தான் அழத் தொடங்கியது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அது அழத் தொடங்கி வாரக்கணக்கில் ஆகியிருந்தது. பிள்ளைக்கு மகிழன் என்று பெயர் வைத்தவன் அவள் புருஷன் சென்னியப்பன்; வைத்த கையோடு லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டான், எந்த ஊர் டோல்கேட்டிலாவது வண்டி நின்றால் போன் செய்து, 'மகிழன் சிரிக்கறானா?' என்று கேட்பான். மகிழன் எங்கே சிரித்தான்? வாயோரம் எச்சில் ஒழுகி ஒழுகிக் கழுத்து மடிப்பெல்லாம் சிவந்து கிடக்க, தொட்டில் கயிறு, தார்க்குச்சி, அம்மாவின் தோள்பட்டை எலும்பு என்று கிடைத்ததையெல்லாம் ஈறால் கடித்துக்கொண்டு, தொட்டிலில் போட்டால் வீறிட்டான், தூக்கினால் நிறுத்தினான். வளர்மதி குடோனில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற வேலைக்காரி. ஒரு கையில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு ஒரு கையால் தார் சுற்ற எந்தத் தெய்வமும் வரம் கொடுத்ததில்லை. போதாக்குறைக்கு அவளுக்கும் கீழ்த்தாடையில் முன்பக்கம் விண்விண்ணென்று ஒரு நோவு. கிராம்பைக் கடித்துப் பார்த்தாள், உப்புத்தண்ணியில் கொப்பளித்துப் பார்த்தாள், பிள்ளை பெற்றவளுக்குப் பல் ஆடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்துகொண்டாள். தூக்கம் போய், பசி போய், தலையைச் சீவினோமா இல்லையா என்ற நினைவும் போய், நடமாடுகிற பிணமாக இருந்தாள்.

கரண்ட் போன அன்றைக்குக் குடோன் மேஸ்திரி சீரங்கன் வந்து வாசலில் நின்றார். நல்ல மனுஷர்தான், யோசனை சொல்கிற வியாதி மட்டும் உண்டு.

"கையிலயே வெச்சு வெச்சுப் பழக்கிட்ட அம்மிணி. கைச்சூடு கண்ட புள்ளை அப்படித்தான். சித்த நேரம் அழுவட்டும், உடு. தானா அடங்கிரும்."

இதே வார்த்தையைத் தினமும் ஒவ்வொரு வாயிலிருந்தும் கேட்டுக் கேட்டு வளர்மதிக்குப் பித்தம் தலைக்கேறியிருந்தது.

"நீங்களே சித்த நேரம் வெச்சுப் பாருங்" என்று பிள்ளையை எடுத்து அவர் நெஞ்சில் சாத்திவிட்டு, சமையல்கட்டுக்குள் போய் அடுப்புத் திண்டில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

மகிழன் அழுகையை நிறுத்தினான். சீரங்கன், 'பாத்தியா, நாஞ்சொல்லல?' என்று வாயெடுத்தவர் அப்படியே தாடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கீழீறைக் கிழித்துக்கொண்டு உள்ளேயிருந்து யாரோ ஆணி அடிக்கிறாற்போல இருந்தது என்று பிற்பாடு டீக்கடையில் சொன்னார். பிள்ளையைக் கீழே விட்டார், நோவு நின்றது, பிள்ளை வீறிட்டது. தூக்கினார், பிள்ளை நிறுத்தியது, இவருக்கு நோவு வந்தது. மேஸ்திரி என்பதால் எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பார்; பார்த்துவிட்டு, தறியில் இழை அறுந்தால் சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார்.

"புள்ளையத் தூக்குனா புள்ளையோட நோவு நம்முளுக்கு வருது அம்மிணி."

வளர்மதி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். தன் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை நாளும் தன்னுடையது என்று நினைத்துக் கிராம்பு கடித்த நோவு பிள்ளையினுடையது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆச்சரியப்படுவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டும், அது அவளிடம் இல்லை. 'அப்படியா சாமி?' என்று மட்டும் பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள்.

கரண்ட் வருவதற்குள் வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு வந்து தூக்கிப் பார்த்தார்கள். அங்கே அதிசயம் என்று யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, தேங்காய் உடைக்கவில்லை. புதிதாக ஒரு மாவுமில் வந்தால் எப்படிப் போய்ப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார்கள், பிறகு அது எதற்கெல்லாம் பயன்படும் என்று யோசித்தார்கள். மருமகள்கள் மாமியார்களைக் கூட்டிவந்து, 'சும்மா அழுவுதுன்னீங்களே, சித்தத் தூக்கிப் பாருங்' என்று பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிள்ளை அழுதால் எழுந்து வெளியே போய்விடுகிற ஆண்பிள்ளைகள், தூக்கிப் பார்த்த அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் பயத்தோடு மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பல் எல்லாம் கொட்டிப்போன பெரியண்ணன் என்கிற கிழவர், பல்வலி என்று ஒன்றை அனுபவித்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று ஆசையாய் வந்து வாங்கிக்கொண்டு, கண்ணில் நீர் வடிய வடிய, 'முளைக்குதப்பா, எனக்கும் முளைக்குது' என்று பொக்கை வாயைத் திறந்து காட்டி, கையோடு முறுக்கு வாங்கிவரச் சொல்லி, பிள்ளையைக் கீழே விட்டதும் அந்த முறுக்கை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். வார்டு எலெக்‌ஷனில் நின்றவர் ஓட்டுக் கேட்டு வந்து, வழக்கம்போலப் பிள்ளையைத் தூக்கிப் போட்டோவுக்கு நின்றார்; போட்டோவில் பிள்ளை சிரிக்க அவர் அழுதார்; மக்கள் துயரம் கண்டு கலங்கியவர் என்று அதையே நோட்டீஸ் அடித்து ஜெயித்தும் விட்டார்.

தடுப்பூசி போட வீதிக்கு வருகிற நர்ஸம்மாவும் வந்தார். தூக்கினார், 'ஸ்ஸ்' என்றார், தோளில் போட்டுக்கொண்டே பேசினார்.

"இது மருந்தில்லாமப் போற நோவும்மா. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஒத்த விரலால ஈறை மெதுவாத் தேய்ச்சுவிடு. சுத்தமான துணியைக் குளுந்த தண்ணியில நனைச்சுப் புழிஞ்சு கடிக்கக் குடு, ஐஸ் வேண்டாம். எச்சிலை அப்பப்ப ஒத்தி எடு, தேய்க்காத, புண்ணாயிரும். எவளாவது பிராந்தி தடவு, மெடிக்கல்ல ஈறுல பூசற மருந்து வாங்குன்னா காதுல வாங்காத. காய்ச்சல் அடிச்சா, வயித்தால போனா, பல்லு முளைக்குதுன்னு வூட்ல உக்காந்திராம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவா."

"இப்பிடி எங்களுக்கு நோவறது நிக்குமாங்?"

"அது நான் படிச்சதுல இல்லம்மா" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துத் தாடையைத் தடவிக்கொண்டே போனார்.

கொஞ்ச நாள் ஊரே தாங்கியது. டீ குடிக்க வருகிறவன் ஒரு கை, தண்ணிக்கு வருகிறவள் ஒரு கை என்று மகிழன் தோள் மாறித் தோள் மாறி வீதி சுற்றினான். எந்தப் புதுசுக்கும் ஆயுசு கம்மி. தறியில் பாவு முடிக்க வேண்டும் என்றார்கள், வீட்டுக்கு ஒறம்பரை வந்திருக்கிறது, விருந்தாக்க வேண்டும் என்றார்கள், எனக்கே சொத்தைப் பல் இருக்கிறது இரண்டையும் எப்படித் தாங்குவது என்றார்கள். கடைசியில், 'பெத்தவளுக்குத்தான் அது தாங்கும்' என்று தீர்ப்பெழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். வளர்மதிக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கு மட்டும் ஈறு இரும்பிலா செய்திருக்கிறது? முன்பாவது, சும்மா அழுகிறான் என்று ஊர் சொன்னதைப் பாதி நம்பிப் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஒரு வாய் சோறு தின்ன முடிந்தது. இப்போது அவன் அழுதால் எவ்வளவு நோகிறது என்று அவளுக்கு அச்சு அசலாகத் தெரியும். தெரிந்த பிறகு எந்த மனசோடு கீழே போடுவது? தூக்கி வைத்துக்கொண்டால் அவன் தூங்கினான், அவளுக்குத் தூக்கமில்லை. கீழே விட்டால் இரண்டு பேருக்குமே தூக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு விடிவு உண்டு. தறிக்கு லீவு, அவள் தம்பி அங்கமுத்து ஆற்றுக்கு அக்கரையிலிருந்து நூல் மூட்டை ஏற்றுகிற தன் டெம்போவில் வருவான். அக்கா என்று ஒரு வார்த்தை, பிள்ளையை வாங்கிக்கொள்வான், டெம்போவின் முன்சீட்டில் போய் உட்கார்ந்து, பல்லைக் கடிக்கவும் முடியாமல் கத்தவும் முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை இருப்பான். 'மாமனுக்கு நோவறது உனக்குச் சிரிப்பா இருக்குதாடா?' என்பான். வளர்மதி பாயில் விழுந்து, செத்தவள்போல் தூங்குவாள். அந்த ஒரு தூக்கத்தை வைத்துத்தான் வாரத்தை ஓட்டினாள்.

அதிலும் மண் விழுந்தது. விழ வைத்தவள் பொன்னாத்தா. வீதியில் பிறக்கிற பிள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டுகிறவள், ஐம்பது வயசிலும் மைக்செட்டு வைத்த தொண்டை, அவள் சொன்னால் அப்பீல் கிடையாது. மற்றவர்கள் காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டால் பிள்ளையின் தலை தங்கள் பாதத்துப் பக்கம் இருக்கும்படி போடுவார்கள். பொன்னாத்தா தலையைத் தன் முழங்கால் பக்கமாக வைத்து, கால் அந்தப் பக்கம் இருக்கும்படி, தலைகீழாகப் போடுவாள், நாக்கு வழிக்க அதுதான் வாகு என்பாள். மகிழனை அப்படிப் போட்டுத் தண்ணி ஊற்றும்போது அவளுக்கும் நோவு வந்தது. வந்த இடம்தான் வேறு. பொன்னாத்தா தன் மேலீறைத் தொட்டாள், தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, மேல் பல்லல்லோ மொதல்ல வருது! தாய்மாமனுக்கு ஆகாதே!"

மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வளர்மதி, 'எனக்குக் கீழதானுங்க நோவுது' என்று சொல்லத்தான் செய்தாள். கூடப்பிறந்தவன் வராமல் போய்விடுவானோ என்று மாற்றிச் சொல்கிறாள் என்றது வீதி. சீரங்கனைக் கேட்டார்கள். 'எனக்கும் கீழதான் இருந்தாப்புல இருந்துது, ஆனா பொன்னாத்தா சொல்றா, அவளுக்குத் தெரியாதா?' என்று அவரும் இழுத்தார். சேதி ஆற்றைத் தாண்டி அங்கமுத்துவின் பெண்டாட்டி கஸ்தூரி காதில் விழுந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை டெம்போ வரவில்லை. போன் அடித்தால் சுவிட்ச் ஆஃப்.

அடுத்த ஞாயிறும் வரவில்லை. மறுநாள் வளர்மதி பிள்ளையை மடியில் கட்டிக்கொண்டு தார் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், கண் திறந்தபடியே தூங்கிப்போனாள். மகிழன் பளபளவென்று சுற்றுகிற பெல்ட்டைப் பார்த்துச் சிரித்து, அதைப் பிடிக்கக் கையை நீட்டினான். எதிர்த் தறியில் நின்ற சீரங்கன் கத்தியது சத்தத்தில் யாருக்குக் கேட்டது? ஓடிப்போய் மெயின் சுவிட்சைத் தட்டினார். குடோன் ஓய்ந்த அந்த நிசப்தத்தில்தான் வளர்மதி விழித்தாள். பிள்ளையின் விரல் பெல்ட்டின் மேல் இருந்தது, விரல் முழுசாக இருந்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பல்லால் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, என் தூக்கத்தால்தான் ஆகப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே எழுந்து, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டு, அக்கரைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

கஸ்தூரி வாசலிலேயே மறித்தாள். கெட்டவள் அல்ல, நாள் தள்ளிப் போய் மூன்று மாசம் ஆகியிருந்தது, பயந்திருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. கால்ல வேணும்னாலும் உழுகறன். பல்லு வந்து, தோசங் கழிக்கற சாங்கியமெல்லாம் பண்ணி முடிச்சப்புறம் நானே வந்து புள்ளையத் தூக்கிட்டு வர்றன். இப்ப அவரு கண்ணுல காட்டாதீங்க."

"கீழ் பல்லுதான் கஸ்தூரி. எனக்குத்தான் தெனமும் நோவுது, எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு உங்க கஷ்டம் அண்ணி."

அது உண்மைதான். வளர்மதி பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கினாள். சித்த உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று வாசப்படியில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் தறி கிடையாது. மஞ்சள் மூட்டை அடுக்கிய கிட்டங்கிகள், வேப்பமரம், எங்கேயோ ஒரு சேவல். அவ்வளவு அமைதியை அவள் உடம்பு கேட்டதே இல்லை. தாடையில் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருக்கும்போதே அவள் தலை நிலைப்படியில் சாய்ந்தது, கை தளர்ந்தது, மகிழன் மடியிலிருந்து படிக்கட்டின் பக்கம் சரிந்தான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அவளுக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். சன்னலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த அங்கமுத்து, பெண்டாட்டி கத்தக் கத்தத் தாண்டி வந்து பிள்ளையைத் தரையில் படுவதற்குள் இரண்டு கையாலும் அள்ளினான். அள்ளியதும் கண்ணை மூடிக்கொண்டான், தன் சாவு வரட்டும் என்று காத்திருக்கிறவன்போல. பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்தான்.

"இப்பவும் கீழதான் நோவுது கஸ்தூரி."

"பயத்துல சொல்றீங்க. எனக்காகச் சொல்றீங்க. குடுங்க இங்க" என்று அவள் அழுதுகொண்டே பிள்ளையைப் பிடுங்கினாள். பிள்ளை அதே நேரம் பார்த்துத் துணியை நனைத்தது. கழுவிவிட வேண்டுமே என்று கஸ்தூரி பின்கட்டில் உட்கார்ந்து காலை நீட்டி, பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லாததால் எப்படிப் போடுவது என்று தெரியாமல், தலை தன் பக்கம் இருக்கும்படி போட்டாள். அதுவரை கீழே நொந்துகொண்டிருந்தது சடக்கென்று மேலே தாவியது. அவள் பிள்ளையைத் தூக்கி நிறுத்தினாள், கீழே இறங்கியது. மறுபடி போட்டாள், மேலே ஏறியது. திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்த கஸ்தூரி, ஈரக்கையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் அங்கமுத்து என்னவோ ஏதோ என்று ஓடிவந்தான்.

"அந்தப் பொன்னாத்தா புள்ளையத் தலைகீழாப் போட்டிருப்பாங்க! புள்ளை தலைகீழாக் கெடந்தா நோவும் தலைகீழாத்தானுங்க வருது!"

வாசப்படியில் கிடந்த வளர்மதியை எழுப்பாமல் இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். பிள்ளையை மாமனும் அத்தையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

அவள் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கஸ்தூரி எவர்சில்வர் டம்ளரின் விளிம்பைப் பிள்ளையின் வாயில் வைத்துத் தட்டிக் காட்டினாள். 'டிங்' என்றது. கீழீறில் அரிசி முனை அளவுக்கு வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது.

"மதியமே எனக்கு நின்னு போச்சுக்கா. அப்புறம் பாத்தா பல்லு" என்றான் அங்கமுத்து, தாடையைத் தடவிக்கொண்டே. "ரெண்டு வாரம் வராம இருந்தது தப்புத்தான். இனி வர்றேன்."

வளர்மதி பிள்ளையை வாங்கினாள். நோவில்லை. தாடை தன் தாடையாக இருந்தது, ஈறு தன் ஈறாக இருந்தது. சுமையை இறக்கி வைத்தவளுக்கு உடம்பு லேசாகிற மாதிரி ஆகி, அவர்கள் இரண்டு பேர் முன்னாலும் ஓவென்று அழுதாள். சோறு போட்டார்கள், சாப்பிட்டாள். சாப்பிட்ட சோற்றின் ருசி தெரிந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் பாலத்தில் ஏறும்போது மகிழன் அழத் தொடங்கினான். வளர்மதி பழக்கத்தில் அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நோவு வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பிள்ளை நிறுத்தவும் இல்லை. ஈறைத் தொட்டாள், தட்டிவிட்டான். வயிற்றைத் தடவினாள், காலை உதைத்தான். பால் கொடுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டான். காதா, காற்றா, பசியா, பயமா? தன் உடம்பை ஒவ்வொரு இடமாகக் கவனித்துப் பார்த்தாள், எங்கேயும் ஒன்றும் நோகவில்லை. பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா பண்ணுது புள்ளைக்கு?"

"தெரியலீங்க" என்றாள் வளர்மதி. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, அவன் காதருகே குனிந்து, 'எங்க சாமி? எங்க நோவுது? அம்மாவுக்குச் சொல்லு' என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.